வேலூரில் எல்லோரும் கைதட்டினார்கள்

என்னை எதற்காக வேலூருக்கு அனுப்பினார்கள் என்பதில் எனக்குக் குழப்பமே கிடையாது. தமிழ் தெரியும், அவ்வளவுதான். நெதர்லாந்தில் ஐண்ட்ஹோவன் என்ற ஊரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் பல வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். 'மாலதி, அந்த ஊர் பாஷை உனக்குத் தெரியுமல்லவா?' என்று மேலதிகாரி கேட்டார். நான் திருச்சிக்காரி, பெங்களூர் ரயிலில் போகும்போது காட்பாடி ஸ்டேஷனில் டீ வாங்கிக் குடித்ததோடு வேலூர் சகவாசம் முடிந்தது என்றேன். யார் கேட்கிறார்கள்? அவர்களுக்குத் தமிழ் என்றால் ஒரே தமிழ்தான்.

எங்கள் மென்பொருள் ஷூ தொழிற்சாலைகளுக்கானது. ஒரு தோலை மேசைமேல் விரித்தால், எந்த இடத்தில் எந்தத் துண்டை வெட்டினால் வீண் குறையும் என்று திரையில் காட்டும். அதில் பாதி வேலை வேலூரில் நடந்தது, பாதி போலந்தில். இனி இரண்டு இடம் வேண்டாம், ஒன்று போதும் என்று முடிவாகிவிட்டது. எதை வைத்துக்கொள்வது என்று பார்த்துவரத்தான் வில்லெம் கிளம்பினார். அவருக்குத் துணையாக நான். வேலூரில் பதினோரு பேர். வந்திருப்பவர் எதற்கு வந்திருக்கிறார் என்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும். தெரியாத மாதிரியே இருந்தார்கள்.

வில்லெம் நல்ல மனிதர். ஐம்பதைத் தாண்டியவர், ஒட்டடைக்குச்சி மாதிரி உயரம். மழையிலும் சைக்கிளில் ஆபீஸ் வருவார். பன்னிரண்டு மணிக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும், ஐந்து மணிக்கு வீடு. மனசில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். அங்கே அதை நேர்மை என்பார்கள். நம்மூரில் அதற்கு வாய்த்துடுக்கு என்று பெயர்.

சென்னையில் காரில் ஏறியதுமே பின் சீட்டில் பெல்ட் தேடினார். அது சீட் உறைக்கு அடியில் எங்கோ புதைந்திருந்தது. பின்னாடியெல்லாம் போலீஸ் பார்க்கமாட்டான் என்று சொல்லச் சொன்னார் டிரைவர். சொன்னேன். பெல்ட்டுக்கும் போலீசுக்கும் என்ன சம்பந்தம் என்று வில்லெம் கேட்டார். டிரைவர் முனகிக்கொண்டே இறங்கி வந்தார். உறையைக் கழற்றி பெல்ட்டை எடுத்த பிறகுதான் கார் நகர்ந்தது.

ஆற்காட்டில் நிறுத்தி அந்த ஊர் இனிப்பான மக்கன் பேடா வாங்கினோம். ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு வில்லெம் விரலை நக்கிக்கொண்டார். இன்னொன்று எடுங்கள் என்றேன். ஒன்று போதுமாம். அவர்கள் வீட்டுக்குப் போனால் காபியோடு ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டு டப்பாவை மூடி வைத்துவிடுவார்கள். ஆற்காடு வரைக்கும் வந்தும் அந்தக் கட்டுப்பாடு விடவில்லை. மிச்சத்தை நானும் டிரைவரும் தீர்த்தோம்.

மறுநாள் காலை ஒன்பதுக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. ஆபீஸ் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில். வாசலில் கலர் கோலம், அதன் நடுவில் வில்லெம் பெயர். உள்ளே காலை வைத்ததும் பதினோரு பேரும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்கள். வில்லெம் பதறிப்போய் வாசல் பக்கம் திரும்பினார். தீப்பிடித்துவிட்டதா என்று என்னிடம் கேட்டார். உங்களுக்கு மரியாதை என்றேன். உட்காரச் சொல் என்றார். அவர் உட்காராமல் அவர்கள் உட்கார மாட்டார்கள், எல்லோரும் உட்காராமல் இவர் உட்கார மாட்டார். கொஞ்ச நேரம் கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு நிற்கிற மாதிரி நின்றோம்.

வில்லெமுக்குப் பொன்னாடை போர்த்தியவர் எபிநேசர், அந்த ஆபீசின் மேலாளர். நாற்பது வயதுக்காரர், எல்லோருக்கும் எபி சார். அப்பா ஆம்பூரில் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவராம். ஷாப் என்றால் இங்கே கடை இல்லை, தோல் பதனிடும் இடம். எபிநேசர் வாய்க்கு வாய் வில்லெமை சார் என்றார். சார் வேண்டாம், வில்லெம் என்றே கூப்பிடுங்கள் என்றார் இவர். ஓகே வில்லெம் சார் என்றார் எபிநேசர்.

பிறகு கூட்டம். வில்லெம் எடுத்த எடுப்பிலேயே, இங்கே எது சரியில்லை என்று ஒவ்வொருவராகச் சொல்லுங்கள் என்றார். ஐண்ட்ஹோவனில் இந்தக் கேள்வியைக் கேட்டால் போச்சு, காபி மெஷினில் ஆரம்பித்து கம்பெனித் தலைவர்வரை கிழித்துத் தொங்கவிடுவார்கள், பிறகு சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள். வேலூரில் ஏசி சத்தம் மட்டும் கேட்டது. எல்லாம் நன்றாக இருக்கிறது சார் என்று ஒருவர் சொன்னார். அதையே பக்கத்திலிருந்தவர் கொஞ்சம் மாற்றிச் சொன்னார். வில்லெம் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

மத்தியானம் அவர் ரொட்டியைப் பிரிப்பதற்குள் நாலு பக்கமிருந்தும் டப்பாக்கள் நீண்டன. முள்ளுக் கத்திரிக்காய்க் குழம்பு, கேழ்வரகுக் களி, கருவாடு. வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த மனிதர் அன்றைக்கு வாயடைத்துப் போய்ச் சாப்பிட்டார். ஒரு பெண் மட்டும் சாப்பிட வரவில்லை. கோமதி என்று பெயர், இருபத்தைந்து வயதுபோல இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் எங்கோ ஓடினாள், வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் கீழே டீக்கடையில் என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டார்கள். கூட்டத்தில் வாயே திறக்காத அதே ஆட்கள்! போலந்துக்காரர்கள் எழுதுவதை நாங்கள்தான் திருத்துகிறோம், கேட்கிற தேதியெல்லாம் நடக்காத தேதி, கம்ப்யூட்டர்கள் பழசு என்று ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தார்கள். இதை மேலே சொல்லியிருந்தால் என்ன என்று எரிந்து விழுந்தேன். பாலாஜி என்ற பையன் என்னை விசித்திரமாகப் பார்த்தான்.

"எபி சாரைப் பக்கத்துல வெச்சுக்குனு அவர் ஆபீசைக் குறை சொல்ல சொல்றீங்களாக்கா? மனுசனுக்கு அசிங்கமா இருக்காது?"

இதை வில்லெமிடம் சொன்னேன். நான் கேட்டேனே, ஏன் என்னிடமே சொல்லவில்லை என்றார். எபிநேசருக்கு அவமானம் என்று நினைக்கிறார்கள் என்றேன். பழைய கம்ப்யூட்டருக்கும் எபிநேசரின் மானத்துக்கும் என்ன தொடர்பு என்று நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

அடுத்த நாள் ஆம்பூரில் எங்கள் மென்பொருள் ஓடுகிற தொழிற்சாலையைப் பார்க்கப் போனோம். எபிநேசரும் கூட வந்தார். பள்ளிகொண்டா தாண்டியதும் காரின் முன்னாலிருந்து புகை. டிரைவர் பானெட்டைத் திறந்து, திறந்த வேகத்தில் மூடினார். மெக்கானிக் வர நேரமாகும் என்பதால் எபிநேசர் டிரைவரோடு நின்றுகொண்டு எங்கள் இருவரையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். கண்டக்டர் வில்லெமின் உயரத்தைப் பார்த்து, குனிஞ்சே நிக்கச் சொல்லுங்க, ஆம்பூர் வரைக்கும் குனிஞ்சே நிக்கட்டும் என்றார். ஜன்னல் வழியாகப் பாலாற்றைக் காட்டினேன். ஆறு எங்கே என்று தேடினார். அந்த மணல்தான் ஆறு என்றேன். ஆம்பூர் நெருங்க நெருங்கத் தோல் வாடை மூக்கைப் பிடித்தது. அவர் முகத்தைச் சுளிக்காமல் இருக்கப் படாதபாடு பட்டார்.

நாங்கள் நின்ற இடத்துக்குப் பக்கத்து சீட்டில் ஒரு அம்மா. ஷூ கம்பெனியில் தையல் வேலை, உடம்பு சரியில்லாமல் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கிக்கொண்டு திரும்புகிறார். வெள்ளைக்காரருக்கு எத்தனை பிள்ளை, என்ன சம்பளம், ஏன் இவ்வளவு ஒல்லி என்று வரிசையாக விசாரித்தார். கடைசியில், லீவு போட்டால் அங்கேயும் சம்பளம் பிடிப்பார்களா என்று கேட்டார். நோயில் படுத்தால் இரண்டு வருஷம்வரை முதலாளி சம்பளம் கொடுத்தே ஆகவேண்டும், அது சட்டம் என்று வில்லெம் விளக்கினார். நான் தமிழில் சொன்னேன். அந்த அம்மா சிரித்த சிரிப்பில் முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ரெண்டு வருசம் படுத்துனு இருக்கறவனுக்கு சம்பளமா? அப்ப எவன்மா எழுந்துப்பான்?"

நானும் சிரித்துவிட்டேன். வில்லெம் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்துகொள்கிறார்கள் என்று சொல், உடம்பு சரியானதும் எழுந்துகொள்கிறார்கள் என்றார்.

தொழிற்சாலையில் எங்கள் மென்பொருள் ஒழுங்காக ஓடியது. வெட்டுப் பிரிவு மேற்பார்வையாளர் வாயாரப் புகழ்ந்தார். புகழ்ந்ததுதான் வினை. எந்நேரம் ஃபோன் பண்ணினாலும் வேலூர் ஆபீசில் கோமதி என்ற பெண் எடுத்துவிடும், ஞாயிற்றுக்கிழமை, பண்டிகை ஒன்றும் கிடையாது, தங்கமான பெண் என்றார். வில்லெம் நோட்டில் ஏதோ குறித்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. மத்தியானம் பிரியாணி வந்தது, கூடவே கத்திரிக்காய்த் தொக்கு, தயிர் வெங்காயம். சீரகச் சம்பா அரிசியை மெல்லுகிற மனுஷன் சந்தோஷமாக இருக்கவேண்டும். இவர், ஞாயிற்றுக்கிழமை ஃபோன் எடுத்ததற்கு அந்தப் பெண்ணுக்குப் பதில் விடுமுறை கொடுக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டே சாப்பிட்டார்.

மூன்றாம் நாள்தான் எல்லாம் கெட்டது.

அன்று காலை புதுப் பதிப்பைச் செய்து காட்டினார்கள். கோமதிதான் காட்டினாள். பச்சைச் சுடிதார், கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. ஆனால் பேச்சில் தடங்கல் இல்லை. தோலில் தழும்பு எங்கே, நரம்பு எங்கே என்று மென்பொருள் தானே கண்டுபிடித்தது. போலந்தில் இதை இன்னும் தொடங்கவே இல்லை. வில்லெம் நிமிர்ந்து உட்கார்ந்தார். நன்றாக இருக்கிறது என்று இரண்டு தரம் சொன்னார். ஒரு டச்சுக்காரர் இரண்டு தரம் சொன்னால் அது நம்மூர் மாலை மரியாதைக்குச் சமம். வேலூர் பிழைத்தது என்று எனக்கே நெஞ்சு நிறைந்துபோனது.

அதோடு விட்டிருக்கலாம். எபிநேசர் எழுந்தார். அவர் பிள்ளைகளில் ஒன்று மெடல் வாங்கின மாதிரி முகம் பூரித்திருந்தது. ஆங்கிலத்திலேயே சொன்னார், நான் குறுக்கே புக இடமில்லை. சார், இந்தப் பெண்ணின் அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்து போன வாரத்திலிருந்து ஐசியூவில் இருக்கிறார். நினைவில்லை. ஆனால் இவள் ஒரு நாள்கூட லீவு போடவில்லை. நீங்கள் இப்போது பார்த்ததில் பாதி ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து எழுதியது. இதுதான் எங்கள் டீம்.

எல்லோரும் கைதட்டினார்கள். கோமதி வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். நானும் தட்ட ஆரம்பித்து, பக்கத்தில் வில்லெமின் முகத்தைப் பார்த்து நிறுத்தினேன். அவர் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கோ போயிருந்தது.

கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்து அவர் கோமதியைப் பார்த்துக் கேட்டார். "அப்படியென்றால் நீ ஏன் இங்கே இருக்கிறாய்?"

அவள் அதை இண்டர்வியூ கேள்வி என்று நினைத்தாள். நிமிர்ந்து நின்று, "கமிட்மெண்ட், சார்" என்றாள்.

உடனே வீட்டுக்கு அனுப்புங்கள் என்றார் வில்லெம், எபிநேசரைப் பார்த்து. நிச்சயமாக சார், புதுப் பதிப்பு ரிலீஸ் முடிந்ததும் ஒரு வாரம் அனுப்புகிறேன் என்றார் எபிநேசர், இன்னும் புன்னகையோடு. இப்போது என்றார் வில்லெம். சத்தம் போடவில்லை. கோமதிக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. இப்போதே போ என்றால் நம் அகராதியில் வேறென்ன அர்த்தம்? வேலை போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டு பையை எடுத்தாள். கைதட்டின பத்துப் பேரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் அவளோடு ஆட்டோவில் ஏறினேன். வேலை போகவில்லை, அம்மாவோடு இருக்கத்தான் அனுப்புகிறார் என்று படித்துப் படித்துச் சொன்னேன். கொஞ்சம் தெளிந்ததும் அவளுக்குக் கோபம் வந்தது.

"உள்ள விடறதே காலைல ஒரு தபா, மத்தியானம் ஒரு தபா, சாயங்காலம் ஒரு தபா. அஞ்சு நிமிசம். மத்த நேரம் வராண்டால உக்காந்துனு அந்தக் கதவையே பாத்துனு இருந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சிடும்க்கா. வேலை செய்யசொல்லோதான் கொஞ்சம் மூச்சு வருது. அது அவருக்குத் தெரியுமா?"

எபி சார் லீவு எடு என்று சொல்லவில்லையா என்று கேட்டேன். சொன்னாராம், முதல் நாளே. இவள்தான் மறுத்திருக்கிறாள். ஊர் பேரணாம்பட்டுப் பக்கம், அப்பா இல்லை. அம்மா ஷூ தைத்துப் படிக்கவைத்த பெண். ஆபீஸ் தப்பிக்குமா மூழ்குமா என்று இருக்கும்போது நான் மட்டும் ஒதுங்கி உட்கார்ந்தால் மற்றவர்கள் கதி என்ன என்று கேட்டாள். ஆஸ்பத்திரி வராண்டாவில் ஒரு பெண்மணி தூக்குப்பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தார். எபிநேசரின் மனைவி. கோமதி ஆபீசில் இருக்கும் நேரமெல்லாம் ஐசியூ வாசலில் இவர்தான் இருந்திருக்கிறார். டாக்டர் கூப்பிட்டால் யாராவது இருக்கவேண்டுமே என்று சாதாரணமாகச் சொன்னார். நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

சாயங்காலம் ஹோட்டல் சாப்பாட்டு அறையில் வில்லெமிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். வராண்டா, தூக்குப்பாத்திரம், எபிநேசரின் மனைவி, ஒன்றையும் விடவில்லை. உங்கள் ஊரில் எந்த மேலாளரின் மனைவி இன்னொருத்தி அம்மாவுக்காக ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருக்கிறாள் என்று கேட்டேன். தயிர்சாதத்தைத் தள்ளி வைத்துவிட்டு முழுதும் கேட்டார். என்னை நம்பினார். அதுதான் கொடுமை.

"ஒவ்வொருவரும் நல்லவர்கள் என்று சொல்கிறாய், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் ஒரு தரம் போ என்றார், அவள் மாட்டேன் என்றாள், அதோடு விட்டுவிட்டார். அவள் அழவேண்டிய வாரத்தில் வேலை செய்ததை எனக்குப் பரிசாகக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டால் நான் யார்?"

வாங்கிக்கொள்ளாவிட்டால் பதினோரு பேர் தெருவில் நிற்பார்கள் என்றேன். அதற்காக வாங்கிக்கொள்ள முடியாது என்றார். இங்கே யாராலும் யாரிடமும் முடியாது என்று சொல்ல முடியவில்லை, நாளைக்கு ஏதாவது உடைந்தாலும் கடைசியாகத்தான் எனக்குத் தெரியவரும் என்றார். ஆத்திரத்தில் நான் ஒன்று சொன்னேன். உங்கள் அம்மாவை முதியோர் இல்லத்தில் வைத்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்கிற நீங்களா எங்களுக்கு அம்மாவைப் பற்றிச் சொல்வது என்றேன். அவர் கோபப்படவில்லை. ஆமாம், ஞாயிற்றுக்கிழமை, என்றார். கையைக் கழுவப் போய்விட்டார்.

ஊர் திரும்பி அவர் எழுதிய அறிக்கையை நான் படித்தேன். பொய் ஒரு வரி இல்லை. வேலூரின் வேலை போலந்தைவிட மேல் என்று எழுதியிருந்தார். கீழேயே, ஊழியர் நலனில் இந்த அளவு அக்கறையின்மையை நம் கம்பெனி ஆதரிக்கக்கூடாது என்றும் எழுதியிருந்தார். ஊழியர் நலனுக்காக ஊழியர்களையே நிறுத்தலாமா என்று மேலதிகாரியிடம் போய்ச் சண்டை போட்டேன். உணர்ச்சிவசப்படுகிறாய், கொஞ்சம் விடுமுறை எடுத்துக்கொள் என்றார். போலந்து ஜெயித்தது.

எபிநேசர் ஒரே ஒரு தரம் எனக்கு ஃபோன் செய்தார். மூடுவதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வில்லெம் சார் சௌக்கியமா என்று விசாரித்தார். பிறகு அவராகவே அந்த மூன்றாம் நாளைப் பற்றிப் பேச்செடுத்தார்.

"நல்லதாத்தானே மேடம் சொன்னேன். அந்தப் பொண்ணைப் பெருமையாத்தானே சொன்னேன். ஒண்ணு மட்டும் பண்ணுங்க. காரணம் இதுதான்னு கோமதிக்குத் தெரிய வேணாம். தன்னாலதான்னு மனசை உட்டுடும்."

சரி என்றேன். இரண்டு ஊர் நியாயமும் தெரிந்து எனக்கு என்ன பிரயோஜனம் என்று அன்று முழுக்க வெறுப்பாக இருந்தது.

சில மாதம் கழித்து கோமதி கூப்பிட்டாள். அம்மா தவறிவிட்டார் என்று சொன்னாள். ஆபீஸ் மூடினதற்கு அடுத்த வாரமாம். எபி சாரும் பாலாஜியும்தான் கூடவே இருந்து எல்லாம் பார்த்தார்களாம். நான் என்னென்னவோ ஆறுதல் சொன்னேன். உம் கொட்டிக் கேட்டுவிட்டு, கூப்பிட்ட விஷயத்துக்கு வந்தாள். நாளைக்கு ஒரு இண்டர்வியூ இருக்கிறதாம்.

"எக்கா, உன்னோட பலம் இன்னான்னு கேப்பாங்கல்ல? அம்மா ஐசியூல இருக்கசொல்லோ கூட ஒரு நாள் லீவு போடலன்னு சொல்லட்டுமா? எபி சார் சொல்லச் சொன்னாரு. எனக்குத்தான் வாய் வரல. நீங்க வெளிநாட்ல இருக்கீங்க, உங்களுக்குத் தெரியும்."

எந்த ஊர் கம்பெனி, கேள்வி கேட்கப்போவது யார் என்று விசாரித்தேன். சென்னைக் கம்பெனி, மேலாளர் தமிழர் என்றாள்.

சொல்லு என்றேன்.

சொல்லியிருக்கிறாள். அங்கேயே கை கொடுத்து, மறுநாளே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.